அடைக்கலம் தந்த வைத்தியர்
டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கைச் சரிதம்

உடம்பில் பட்ட காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டினால் சில நாளில் ஆறிப்போகும். மனதில் பட்ட காயமோ வெளியே தெரிவதில்லை. ஆகையால் அதற்கு மருந்து தேடுவாரும் குறைவு. இந்நாளில் மனக்காயப்பட்டவர்களைத் தேற்றி நிமிர்த்தும் பணியை ஆற்றுப்படுத்துதல் என்று சொல்லி, தனிப் படிப்பாகவே கற்பிக்கிறார்கள். அந்தப் படிப்பெல்லாம் நம் நாட்டில் வராத காலத்தில், அப்பணியைத் தம் சொந்த வீட்டிலேயே தொடங்கிய ஒரு மாதரசி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி. தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் அதிபராயிருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அக்குலத்துப் பெண் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது அந்நாளைய வழக்கம். பொட்டுக் கட்டிய பெண்ணுக்குக் கலியாணமும் குடும்பமும் இல்லை. தாய்வழி உறவினரோடு பழகி வளர்ந்த முத்துலட்சுமி, அந்தப் பெண்களின் துயரத்தைச் சிறு வயதிலேயே கண்ணாரக் கண்டார்.

படிப்பில் அவருக்கு அளவில்லாத ஆசை. 1904-ல் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, ஊரில் பலத்த எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி தந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சிறப்பாகத் தேறி வெளிவந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்து நடத்தவேண்டும் என்பதே அத்திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனை.

பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேலும் கற்க 1925-ல் லண்டனுக்குச் சென்றார். திரும்பிய பின் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, அதன் உபதலைவராகவும் ஏகமனதாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் முதன்மையாகக் கையிலெடுத்தது, தேவதாசி முறையை ஒழிக்கும் காரியம்.

தேவதாசிகள் கோயில் ஊழியத்தை விட்டு விலகுவது எளிதாயிருக்கவில்லை. அவர்கள் பிழைப்புக்கென்று விடப்பட்ட மானிய நிலங்கள் அந்த ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அம்மையாரின் முயற்சியால் 1929-ல் வந்த சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஊழியத்திலிருந்து விடுபட்ட பின்னும் நிலம் அவர்களுக்கே நின்றது.

ஆனால் சட்டம் வாசலைத் திறந்துவிடுமே தவிர, வெளியே வருகிறவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகாது. வெளியே வந்த பெண் எங்கே போவாள்? இந்தக் கேள்வி 1930-ல் ஓர் இரவு அம்மையாரின் வீட்டுக் கதவையே தட்டிற்று. தேவதாசி குலத்துச் சிறுமியர் மூவர் அடைக்கலம் கேட்டு வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். பிறப்பைக் காரணம் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். அன்றிரவே அம்மையார் அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான்.

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் சட்டசபைப் பதவியைத் துறந்ததும் அதே 1930-ல்தான். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. சாதி பேதமின்றி ஆதரவற்ற பெண்கள் வந்து சேர்ந்தார்கள். இல்லம் வளர்ந்து 1936-ல் அடையாற்றுக்கு மாறியது. உணவும் உறையுளும் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. படிப்பும், கைத்தொழிலும், பிறரைப் போலத் தலை நிமிர்ந்து வாழும் தைரியமும் கிடைத்தன. பலர் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் ஆனார்கள். மனக்காயம் ஆறுவதற்கு முதலில் பயமற்ற ஓர் இடமும், நம்பத்தக்க மனிதரும், ஒழுங்கான அன்றாட வாழ்வும் வேண்டுமென்று இன்றைய நிபுணர்கள் கூறுகிறார்கள். அம்மையார் ஒரு தாயின் உள்ளத்தால் இதை அறிந்திருந்தார். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. அதுவரை அந்தப் பெண்களுக்கு நிழலாயிருந்தது இப்படிப்பட்ட அடைக்கலமே.

அவருடைய சொந்த மனதிலும் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1923-ல் அவர் தங்கை புற்றுநோயால் மாண்டார். வைத்தியராயிருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனையில் அவர் முடங்கிவிடவில்லை. பல ஆண்டுகள் அலைந்து, கேட்டு, பணம் திரட்டி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1968 ஜூலை 22-ல் அம்மையார் காலமானார்.

வாசகரே, அன்றிரவு வந்த சிறுமியரிடம் அம்மையார் அவர்கள் குலத்தைக் குறித்துக் கணக்குக் கேட்கவில்லை, கதவைத் திறந்தார். நம் தெருவிலும் அடிபட்டு ஒடுங்கிய பெண்கள் உண்டு. வாய் திறந்து அழவும் அஞ்சும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் செய்ய நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நம் கதவைத் தட்டும்போது, ஏன் வந்தாய் என்று கேட்பதற்கு முன்னே, உள்ளே வா என்று சொல்ல நம் எல்லோராலும் முடியும்.