தட்டிய பின்னரே திறந்த கதவு

தம்பி!

கழுத்திலே வண்ணத்துணி, முகத்திலே முறுவல், இடக்கை நீட்டிக் கைகுலுக்கும் பழக்கம்! பள்ளி விழாக்களிலே சாரணச் சிறுவர்களைக் கண்டிருப்பாய். அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு போர்வீரர். பேடன் பவல் என்பது பெயர். அவர் வாழ்க்கையை வாழ்த்துப்பாவாகப் பாடினால் இனிக்கும். வரலாறாகப் படித்தால் பயன் கிடைக்கும். நாம் வரலாறாகவே படிப்போம்.

1857-ல் இலண்டனிலே பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்தார். பள்ளிக்கு அடுத்த தோப்பிலே, ஆசிரியர் கண்ணுக்குத் தப்பி, தடம் பார்க்கவும் பதுங்கி நடக்கவும் தாமே பழகினார். 1876-ல் குதிரைப்படை அதிகாரியாக இந்தியா வந்தார். 1899-ல் தென்னாப்பிரிக்காவிலே போயர் போர் மூண்டது. மாஃபெகிங் என்னும் சிற்றூர். வெளியே எதிரி, உள்ளே இவர். 217 நாட்கள் முற்றுகை! அந்த நாட்களிலே செய்தி சுமந்து ஓடியவர்கள் யார்? சிறுவர்கள்! பொறுப்பை ஒப்படைத்தால் பிள்ளைகள் பொறுப்பாளராகிறார்கள் என்ற உண்மையை அங்கே கண்டார்.

முற்றுகை முடிந்தது, புகழ் பெருகியது. ஆனால், தம்பி, அதே ஊரிலே வெள்ளையருக்கு ஓரளவு உணவு, கறுப்பருக்கு அதனினும் குறைந்த உணவு! பட்டினியால் மாண்ட கறுப்பின மக்கள் பலர். வீரப் பக்கத்தைப் படித்துவிட்டு, கண்ணீர்ப் பக்கத்தைப் புரட்டாமல் விடலாமா?

1907 ஆகஸ்ட் திங்கள், இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவிலே முதல் பாசறை. ஏறத்தாழ இருபது சிறுவர்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே அணியிலே! வகுப்பு வேற்றுமை வேரோடிக் கிடந்த நாட்டிலே இது சிறிய செயலா? மறு ஆண்டு நூல் வெளிவந்தது. ஊர்தோறும் அணிகள் முளைத்தன.

1909-ல் இலண்டன் பளிங்கு மாளிகையிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் திரண்டனர். அழைப்பில்லாமல் வந்தது ஒரு கூட்டம். யார்? சிறுமிகள்! சாரண உடை அணிந்து, எங்களுக்கு இடமில்லையா என்று கேளாமல் கேட்டு நின்றனர். 1910-ல், தம் தங்கை ஆக்னசின் துணையோடு, பெண்களுக்கென ஓர் அமைப்பைக் கண்டார். தட்டினர், திறந்தது!

இங்கே? 1909-ல் பெங்களூரிலே சாரணர் அணி அமைந்தது. ஆனால் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குமே அங்கு இடம். மண்ணின் மைந்தனுக்கு இடமில்லை! தடம் பார்க்கவும் அணிவகுக்கவும் இவன் கற்றால், நாளை நம்மையே எதிர்ப்பானே என்று ஆள்வோர் அஞ்சினர். 1916-ல், சென்னையிலே, அன்னி பெசண்ட் அம்மையார் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கம் அமைத்தார். அம்மையாரின் அரசியலை ஏற்காதவரும் அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். அந்தச் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. இங்கும், தட்டிய பின்னரே திறந்தது.

முழுமையாகத் திறந்ததா? இல்லை! 1937-ல் மீண்டும் இங்கு வந்து சென்ற முதியவர், இந்தியரின் குணத்தை இழித்துரைத்தார். தன்மானம் உள்ளவர்கள் வெளியேறினர். 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. எல்லோரையும் உடன்பிறப்பாகக் கருது என்று சிறுவருக்குக் கற்பித்தவர், தாமே அந்தப் பாடத்திலே தவறினார். பிரிந்து நின்ற சங்கங்கள், நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7-ல் ஒன்றாயின. பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு சாரணியரும் இணைந்தனர்.

அந்த நாளைக் காண அவர் இல்லை. 1941 சனவரி 8-ல், கென்யாவின் நையேரியிலே மறைந்தார். கல்லறையிலே ஒரு வட்டம், நடுவிலே ஒரு புள்ளி. வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள்படும் சாரணர் தடக்குறி அது.

தம்பி, வீட்டைக் கட்டியவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் அதன் வாயிலை அகலமாக்கியவர்கள், அழைப்பில்லாமல் வந்த அந்தச் சிறுமிகளும், அணியிலே இடம் மறுக்கப்பட்ட நம் சிறுவர்களுமே! உன் ஊர்ச் சாரணர் அணியைப் பார். அதிலே சேரிப்பிள்ளை நிற்கிறானா என்று பார். இல்லையென்றால், கதவைத் தட்டு!