கட்டடச் சிற்பி ஜான் கேலன் ஹவர்ட்

கலாசாலையை விட்டு நீங்கியோர் ஆசிரியரை நினைப்பர். உடன்பயின்ற தோழரை நினைப்பர். ஆட்டத்தில் வாகை சூடியவரை அவரினும் மிகுதியாக நினைப்பர். தாம் இருந்து கற்ற மண்டபத்தையும், தொண்டை கம்ம ஆர்ப்பரித்த அரங்கையும் வகுத்தவர் எவர் என்று உசாவுவோர் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரிலுள்ள சர்வகலாசாலைக்குப் பெருங்கட்டடங்கள் பலவற்றை வகுத்தளித்த ஜான் கேலன் ஹவர்ட், கட்டடக்கலை வரலாற்றிற் பெயர் நிலைத்தவர். ஆயினும், அவர் வகுத்த கால்பந்து அரங்கிற் கூடும் பல்லாயிரவருள் அவர் பெயரறிந்தோர் பலர் இரார் என எண்ணுகின்றோம். அவ்வரங்கு அவர் விரும்பாத இடத்தில் எழுந்தது. அவர் மறைந்து ஏறக்குறைய எண்பது ஆண்டு கழிந்தபின் அதன் மேற்குப் பாதியின் உட்பகுதி இடிக்கப்பெற்றுப் புறச்சுவர் மாத்திரம் காக்கப்பெற்றது. அக்கதையைக் கருதியே அவர் சரிதத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஹவர்ட் 1864 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துச் செம்ஸ்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். பாஸ்டன் நகரில் அந்நாளில் இயங்கிய மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையிற் பயின்றவர், பட்டம் பெறாமலே வெளிப்போந்து, அக்காலத்துச் சிற்பிகளுள் தலைசிறந்த ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனுடைய அலுவலகத்திற் பணிக்கமர்ந்தார். பட்டமின்மை அவர்க்கு இடையூறாகவில்லை என்பது, தேர்வை எண்ணி அஞ்சும் நம்மனோர்க்குச் சிறிது ஆறுதல் தருவதே. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சில காலம் தங்கிப் பழைய ஸ்பானிய மண்சுவர் வீடுகளைப் படமாக வரைந்து பழகினார். 1891 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரம் சென்று நுண்கலைப் பள்ளியிற் சேர்ந்து, யவன, உரோமைக் கட்டடங்களின் அளவும் அமைதியும் கற்று மீண்டு, நியூயார்க்கிற் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அவரைப் பெர்க்லிக்குக் கொணர்ந்தது அவர் பெற்ற வெற்றியன்று. ஒருவகையில் தோல்வியே எனலாம். ஃபீபி ஹெர்ஸ்ட் என்னும் செல்வச் சீமாட்டியார், சர்வகலாசாலை முழுமைக்கும் ஒரே திட்டம் வகுக்கவேண்டி உலகச் சிற்பிகளுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்தார். 1899 ஆம் ஆண்டில் முடிவுற்ற அப்போட்டியில் முதற்பரிசு பாரிஸ் நகரத்து எமில் பெனாருக்குக் கிட்டியது. ஹவர்டின் திட்டம் நான்காவதாக நின்றது. பெனாரோ பெர்க்லியில் வந்து குடியிருக்க இசைந்திலர். ஆகவே, 1901 ஆம் ஆண்டில் அப்பணி ஹவர்டிடம் வந்து சேர்ந்தது.

அதுமுதல் இருபதாண்டுக்கு மேலாக அவர் உழைத்தார். 1903 ஆம் ஆண்டிற் குன்றின் சரிவில் யவன நாடக அரங்கு எழுந்தது. 1907 இற் சுரங்கக் கல்விக் கட்டடமும், பின்னர் நூல்நிலையமும், 1914 இல் 307 அடி உயர்ந்த மணிக்கூண்டும் எழுந்தன. கட்டடக்கலைப் பள்ளியொன்றை 1903 இல் அங்கு நிறுவியவரும் அவரே. கலிபோர்னியாவிற் கட்டடச் சிற்பியாக உரிமம் பெற்ற முதற் பெண்மணியாகிய ஜூலியா மார்கன், அவரது அலுவலகத்திற் பணிபுரிந்தவரே. இவற்றினும் எம்மைக் கவர்ந்தது பிறிதொன்று: அவர் செய்யுள் இயற்றவும் வல்லவர். ஃபிளாரென்ஸ் நகரத்துப் பேராலயத்திற்குக் குவிமாடம் எடுத்த புரூனெல்லெஸ்கியைப் பாட்டுடைத் தலைவராக்கி, 1913 ஆம் ஆண்டில் ஒரு காவியம் வெளியிட்டார். பகலிற் கல்லும் இரவிற் சொல்லும் அடுக்கினார் போலும்!

இனி, அரங்கின் வரலாற்றுக்கு வருவோம். ஈண்டுக் கால்பந்து என்றது நாம் ஆடும் ஆட்டமன்று; பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டமாம். 1920 முதல் 1924 வரை ஐந்தாண்டு பெர்க்லிக் குழுவினர் ஓராட்டத்திலேனும் தோற்றிலர். பழைய களம் கூட்டத்தைத் தாங்கவில்லை. மகாயுத்தத்தில் உயிர்நீத்த கலிபோர்னியா மக்களின் நினைவுச் சின்னமாக ஒரு பேரரங்கு எடுப்போம் என்று கூறிப் பொதுமக்களிடம் பொருள் திரட்ட, பத்து லட்சம் டாலர் விரைவிற் சேர்ந்தது.

எவ்விடத்திற் கட்டுவது என்பதிலேதான் பிணக்கு எழுந்தது. நகர்ப்புறத்தை அடுத்த சமநிலத்தையே ஹவர்ட் விரும்பினார். சர்வகலாசாலையின் ஆட்சியாளரோ, ஸ்ட்ராபெரிப் பள்ளத்தாக்கின் வாயிலைத் தேர்ந்தனர். அது மரமடர்ந்து ஓடை பாயும் எழிலிடம். அங்கு அரங்கெடுத்தலை எதிர்த்தோர் ஊரிலும் இருந்தனர். எழில் ஒருபுறம் நிற்க, 1868 ஆம் ஆண்டிற் பெரும் பூகம்பம் விளைத்த ஹேவர்ட் என்னும் நிலப்பிளவு அவ்விடத்தின் கீழாகவே செல்கின்றது. (சிற்பியின் பெயர் ஹவர்ட், பிளவின் பெயர் ஹேவர்ட், படிப்போர் மயங்கற்க.) 1906 ஆம் ஆண்டுப் பூகம்பத்தை ஆராய்ந்த குழுவின் தலைவராகிய ஆண்ட்ரூ லாசன் அதே சர்வகலாசாலைப் பேராசிரியர், 1908 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இப்பிளவைப் பற்றியும் பேசியது. அறிவு அருகிருந்தும் அதற்குச் செவி கொடாமை புதிதன்று போலும்.

தம் சொல் ஏலாதபோது சினந்து விலகுவோரைக் கண்டிருக்கின்றோம். ஏற்றதுபோற் காட்டி அரைமனத்தோடு வேலையைக் கெடுப்போரையும் கண்டிருக்கின்றோம். ஹவர்ட் இவ்விரண்டும் செய்திலர். கிழக்குப் பாதியை மலைச்சரிவிலேயே பதித்துக் கிண்ணம்போற் குடைந்து, மேற்குப் பாதியை உரோமாபுரிப் பழம் பேரரங்கை நினைப்பூட்டும் வளைவுகள் நிரம்பிய கான்கிரீட்டுச் சுவராக எழுப்பத் திட்டமிட்டார். பொன் தேடுவோர் மலையைக் கரைக்கக் கையாண்ட முறையையே கொண்டு, நீரைப் பீறிட்டுப் பாய்ச்சிக் குன்றின் மண்ணைக் கரைத்து இறக்கினர். ஓடையை நிலத்தின் கீழே குழாய் வழியே செலுத்தினர். 1923 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள் 70,000க்கு மேற்பட்டோர் கூடியிருக்க, ஸ்டான்ஃபர்டு குழுவை 9-0 என்று வென்று அரங்கைத் திறந்தனர். அரங்கிற்கு மேலே நிற்கும் குன்றிலிருந்து காசு கொடாமற் பார்த்தோர்க்கும் குறைவில்லை. அதனாற் கஞ்சர் குன்று என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்தது.

அடுத்த ஆண்டே, 1924 இல், சர்வகலாசாலைச் சிற்பி என்னும் பதவி ஹவர்டை விட்டு நீங்கியது. 1929 இல் யவனச் சிற்பி பிடியாஸைப் பற்றி மற்றொரு நூல் இயற்றினார். 1931 ஆம் ஆண்டு ஜூலை மாதம் உயிர் நீத்தார். அவருடைய புதல்வர் சிலர் ஓவியராகவும் சிற்பியராகவும் விளங்கினர்.

அவர் துயின்றாலும் பிளவு துயிலவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வீதம் நிலம் ஊர்ந்து, அரங்கின் இரு பாதிகளையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தது. சுவர் விளிம்பிலே விரிசல் கண்டது. பெரும் பூகம்பம் வரின் ஆயிரக்கணக்கானோர் உயிருக்கு ஊறு நேரும் எனப் பொறியியலார் அஞ்சினர். 2006 ஆம் ஆண்டில் அரங்கு தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்ந்தது. அவ்வாண்டே அரங்கையடுத்த ஓக் மரங்களை வெட்டலாகாது என்று சிலர் மரமேறி அமர்ந்தனர். 2008 செப்டம்பர் வரை அவர்கள் இறங்கவில்லை. வழக்குகளும் நடந்தன. இடிப்பதா, காப்பதா, வேறிடம் போவதா என்று வாதித்தவர்கள் ஒவ்வொருவரிடத்தும் ஓரளவு நியாயம் இருந்தது.

முடிவில், 2010 முதல் 2012 வரை நடந்த பணியில், மேற்குச் சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் பின்னிருந்த இருக்கைகளையெல்லாம் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கட்டினர். பிளவு கடக்கும் இரு பகுதிகளை மட்டும் ஏனைய பகுதிகளோடு பிணைக்காமல், தனித்தனிப் பாளங்களாக விட்டனர். நிலம் ஆறடி விலகினும் அவை சாயாமல் நகரும்படி, அவற்றின் அடியில் மணலும் பிளாஸ்டிக் தாளும் பரப்பினர். மணலின்மேல் வீடு கட்டினவன் புத்தியில்லாதவன் என்று ஞாயிறு பள்ளியிற் கற்ற நாம், இதைப் படித்தபோது சிறிது திகைத்தோம். கன்மலையே நகருமிடத்தில் மணலே துணையாயிற்று!

செலவு 32 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்டது. அக்கடன் சர்வகலாசாலையின் தலையில் நெடுங்காலம் நிற்கும் என்று குறைகூறியோர் பலர், அக்குறை பொய்யன்று. சுவரை மாத்திரம் வைத்துக்கொண்டு பழமையைக் காத்தோம் என்பது தோலைக் காத்து உயிரைப் போக்கியதாகும் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஹவர்ட் சுவரை அழகுக்காக மட்டும் எழுப்பவில்லை. நகரிலிருந்து ஏறி வருவோர், இறந்தோர் நினைவிடத்தை அணுகுகின்றோம் என்று உணரும் முகமாகவே அதனை நிறுத்தினார். அம்முகம் நிற்கின்றது. அவர் மலையிற் பதித்த கிண்ணமும் தன் வடிவு குலையாதிருக்கின்றது.

2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 ஆம் நாள் அரங்கு மீண்டும் திறந்தது. அன்று நெவாடா குழுவிடம் 24-31 என்று பெர்க்லியார் தோற்றனர். இருக்கைகள் முன்னையினும் குறைந்து 63,000 அளவில் நின்றன. கஞ்சர் குன்றிலிருந்து காசு கொடாமற் பார்ப்போர் இன்றும் உளர்.