எதுவார் லார்த்தே சரித்திரம்

மனிதன் இவ்வுலகில் வாழத் தொடங்கி எத்துணைக் காலமாயிற்று என்னும் வினாவுக்கு விடை தேடினோர் பலர். அவருள், ஏட்டையும் கல்வெட்டையும் நாடாமல், மண்ணுட் புதைந்த விலங்குகளின் பற்களையே பஞ்சாங்கமாகக் கொண்டவர் பிரான்சு தேசத்து எதுவார் லார்த்தே.

இவர் 1801-ஆம் வருஷம் அத்தேசத்தின் தென்மேற்கிலுள்ள ஜேர் ஜில்லாவில் பிறந்தார். துலூஸ் நகரில் சட்டம் பயின்று, சின்னாள் பாரிஸில் தங்கிய பின், சொந்த ஊர் சேர்ந்து குடும்ப நிலங்களைக் கவனித்து வந்தார். அயலிலிருந்த குடியானவர்கள் தம் வழக்குகளைக் குறித்து இவரிடம் யோசனை கேட்பர். கைம்மாறாக, உழும்போது அகப்பட்ட பழங்காசு முதலியவற்றைக் கொடுப்பர். அவ்வாறு ஒருவன் கொணர்ந்தது ஒரு பெரிய கடைவாய்ப் பல். அது யானையினத்தைச் சேர்ந்து அழிந்துபோன மாஸ்டடான் என்னும் விலங்கினுடையது. வக்கீலாயிருந்தவரை ஆராய்ச்சியாளராக்கியது அப்பல்லே.

1834 முதல் சான்சான் என்னும் குன்றில் அகழ்ந்து, 1837-இல் ஒரு குரங்கினத்தின் தாடையெலும்பைப் பற்களோடு கண்டெடுத்தார். பேராசிரியர் கூவியே 1832-இல் இறந்திருப்பினும், குரங்குக்கும் மனிதனுக்கும் பண்டைப் படிவங்கள் இல்லை என்னும் அவர் கோட்பாடு அப்பொழுதும் அறிஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் ஒரு பாதி அன்றே வீழ்ந்தது. மறு பாதி வீழ இன்னும் இருபது வருஷத்துக்கு மேலாயிற்று.

1860-இல் லார்த்தே, அழிந்த விலங்குகளின் எலும்புகளில் கல்லாயுதம் பட்ட வெட்டுத் தழும்புகள் உள்ளனவென்றும், ஆதலால் மனிதன் அவற்றோடு ஒருங்கே வாழ்ந்தவனென்றும் கட்டுரை வரைந்து பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார். கழகத்தார் தம் வெளியீட்டில் அதன் தலைப்பை மட்டும் அச்சிட்டு, கட்டுரையை விடுத்தனர். வேதாகமத்து வம்ச வரலாறுகளைக் கூட்டி உலகின் வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டென்று கணித்தோர் மிகுந்திருந்த காலம் அது. அக்கணக்கு மனிதர் கூட்டிய கூட்டலேயன்றி வேதவாக்கியமன்று என்பதை உணர்ந்திருப்பின் பலர் அஞ்சியிருக்க வேண்டுவதில்லை என்பது எமது எண்ணம்.

அவ்வருஷமே அவர் ஓரிஞ்ஞாக் என்னும் ஊர்க் குகைக்குச் சென்றார். 1852-இல் பொன்மேசோன் என்னும் சாலைத் தொழிலாளி அங்கொரு முயல் வளையில் கைவிட்டு, மனித எலும்பொன்றை இழுத்தெடுத்தான். பின்பு தோண்டியபோது பதினேழு பேருடைய எலும்புகள் வெளிப்பட்டன. வைத்தியருமாயிருந்த அவ்வூர் மேயர் அவற்றைத் திரட்டிக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்வித்தார். எட்டு வருஷங் கழித்து லார்த்தே வினவியபோது, வெட்டியானும் அவ்விடத்தை மறந்துவிட்டான்! எஞ்சிய மண்ணை லார்த்தே கிளறினார். அடுப்புச் சாம்பலும் கல்லாயுதங்களும், குகைக்கரடி, மாமதம், கம்பளிக் காண்டாமிருகம், கழுதைப்புலி ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. அவை இறந்தோர்க்கிட்ட ஈமவிருந்தின் எச்சமென அவர் கருதினார். அம்மனிதர் மிகப் பிற்காலத்தில் அடக்கஞ் செய்யப்பட்டவர் எனப் பின்னர்த் தெரிந்தமையால், அம்முடிபு நிலைக்கவில்லை.

நிலைத்தது வேறொன்று. பல்லின் மேற்பூச்சு உடம்பிலுள்ள பொருள்களெல்லாவற்றினும் கடினமானது. எலும்பு உதிர்ந்த மண்ணிலும் பல் எஞ்சும். மேலும், கரடியின் பல்லையும் கலைமானின் பல்லையும் மாமதத்தின் தகடடுக்கிய கடைவாய்ப் பல்லையும் தேர்ந்தவர் கண்டமாத்திரத்தில் வேறுபிரித்தறிவர். இவ்வியல்பைக் கொண்டு 1861-இல் லார்த்தே ஆதிகாலத்தைக் குகைக்கரடிக் காலம், மாமதமும் காண்டாமிருகமும் வாழ்ந்த காலம், கலைமான் காலம், காட்டெருதுக் காலம் என நான்காக வகுத்தார். இவ்விலங்குகள் நெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்தமையால் பகுப்பின் எல்லைகள் பின்னர்த் தளர்ந்தன. எனினும், குகையின் காலத்தை அதிற் கிடந்த விலங்கே சொல்லும் என்னும் வழி அவர் இட்டதே.

1863 முதல், ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலச் செல்வர் பொருளுதவ, இருவரும் வெசேர் ஆற்றங்கரைக் குகைகளை அகழ்ந்தனர். 1864-இல் லா மதலேனில் தந்தத் துண்டுகள் சில கிடைத்தன. இந்தியாவில் சிவாலிக் மலைப் படிவங்களை ஆராய்ந்து யானையினங்களை நன்கறிந்த பால்கனர் என்பவர் அன்று அங்கிருந்தார். தந்தத்திற் கீறப்பட்ட கோடுகள் மாமதத்தின் உருவமென அவர் கண்டுகொண்டார். உயிரோடிருந்த மாமதத்தைப் பார்த்தவனன்றி வேறு யார் அதனை வரைந்திருக்கக் கூடும்? கழகத்தார் விடுத்த கட்டுரைக்கு இதனினும் வலிய சாட்சி வேண்டுவதில்லை.

கிறிஸ்டி 1865-இல் இறந்தார். 1868-இல் லார்த்தேயின் மைந்தர் லூயி, குரோமாக்னன் எலும்புகளை ஆராய்ந்தார். 1869-இல் தந்தையார் பாரிஸ் அரும்பொருட்சாலையிற் பேராசிரியராக நியமனம் பெற்றும் பிணியாற் பாடஞ்சொல்ல இயலவில்லை. பிரஷ்ய யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், 1871 ஜனவரியில், தம் ஜில்லாவிலுள்ள சேசானில் உயிர்நீத்தார்.

அவரும் கிறிஸ்டியும் அகழ்ந்த இடங்களுள் லெ மூஸ்தியே ஒன்று. 1908-இல் அங்கே நியாண்டர்தால் இளைஞனொருவனின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 1991-இல் அறிஞர் அக்குகையின் விலங்குப் பற்களை மீண்டும் கையிலெடுத்தனர். மண்ணிலுள்ள கதிரியக்கத்தால் பல்லின் மேற்பூச்சில் எலக்ட்ரான்கள் ஆண்டுதோறும் சிறைப்படுகின்றன. அவற்றின் தொகையை அளந்து, ஓராண்டின் கதிரளவால் வகுத்தால் பல் புதைந்த காலம் புலப்படும். எரிந்த சிக்கிமுக்கிக் கற்கள் அக்குகையின் மேலடுக்குகளுக்குக் காட்டிய காலம் ஏறக்குறைய 40,000 முதல் 56,000 ஆண்டுகள். பற்கள் கூறிய கணக்கும் அதனின்று பெரிதும் விலகவில்லை.