கிளார்க்காகச் சேர்ந்தவர்

எங்க வீட்டுல பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் வருகிறேன். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தது. பேசாமல் அப்பாவோடு பீங்கான் சூளைக்கே போய்விடலாம் என்றிருந்தபோதுதான் நூலகத்தில் வி.பி. மேனனைப் பற்றிப் படித்தேன்.

1893-இல் கேரளத்து ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். வீட்டில் மூத்த பிள்ளை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுச் சுரங்கத்தில் உழைத்தார். பிறகு பெங்களூரில் ஒரு புகையிலைக் கம்பெனியில் வேலை. 1914-இல் பிரிட்டிஷ் அரசின் உள்துறையில் சாதாரண கிளார்க்காகச் சேர்ந்தார்.

அதே மேனன் 1942-இல் அரசியல் சீர்திருத்த ஆணையர் ஆனார். வைஸ்ராய்க்கே ஆலோசகர்! 1947 மே மாதம் மவுண்ட்பேட்டனின் முதல் திட்டத்தை நேரு ஏற்க மறுத்தபோது, சிம்லாவில் சில மணி நேரத்துக்குள் மாற்றுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தவர் இவர்தான். பிறகு சர்தார் பட்டேலின் செயலாளராக ஊர் ஊராக அலைந்து, 500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கும் வேலையைச் செய்தார். நம்ம புதுக்கோட்டையும் அப்படித்தான் 1948 மார்ச் 3-இல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

வீட்டு வாழ்க்கை அவ்வளவு சுகமாக இல்லை. முதல் மனைவி பிரிந்து போனார். பின்னாளில் நண்பரின் விதவையான கனகம்மாவை மணந்தார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1950-இல் பட்டேல் மறைந்த பிறகு மேனனின் செல்வாக்கும் குறைந்தது. அவர் மூலையில் உட்காரவில்லை. பெங்களூரில் தங்கி, பட்டேலுக்குக் கொடுத்த வாக்குப்படி சமஸ்தான இணைப்பைப் பற்றியும் ஆட்சி மாற்றத்தைப் பற்றியும் இரண்டு பெரிய நூல்களை எழுதி முடித்தார். 1965 டிசம்பர் 31-இல் காலமானார்.

முதலில் எனக்குக் குஷிதான். பாதியில் விட்டவரே இவ்வளவு உயர்ந்தாரே, நாமும் விட்டால் என்ன என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் விஷயம் வேற. அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, படிப்பை விடவில்லை. கிளார்க் நாற்காலியிலிருந்து ஆணையர் நாற்காலிக்கு வர 28 வருஷம்! அத்தனை வருஷமும் கோப்புகளே அவருக்குப் பாடப்புத்தகம். அவருக்குக் கிடைக்காத வகுப்பறை நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு அரியரை முடித்துவிட்டேன். இன்னொன்றுக்குப் பணம் கட்டியாச்சு. சூளைக்குப் போகிற நினைப்பை மட்டும் விட்டுட்டேன், நண்பர்களே!