அம்மா வழியில் வந்த அரியணை: முதலாம் குலோத்துங்கன் சோழரா, சாளுக்கியரா?

கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் நெல்லூர், விஜயவாடாவைத் தாண்டி ராஜமகேந்திரவரம் வரும். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊரிலிருந்து வேங்கி நாட்டை ஆண்ட குடும்பத்துப் பிள்ளைதான், பின்னாளில் சோழப் பேரரசர் ஆனார். அவர் முதலாம் குலோத்துங்க சோழன்.

சோஷியல் மீடியாவில் இவரைப் பற்றி ஒரு சண்டை அடிக்கடி வரும். இவர் தமிழரா, தெலுங்கரா? சோழரா, சாளுக்கியரா? பதில் இவர் குடும்பத்துக் கல்யாணங்களில் இருக்கிறது.

மூன்று தலைமுறை, மூன்று கல்யாணம்

வேங்கி என்பது கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் பாயும் வளமான பகுதி. அதன் மேல் கல்யாணி சாளுக்கியர்களுக்கும் கண் இருந்தது. போர் மட்டும் போதாது, சம்பந்தமும் வேண்டும் என்று நினைத்தார் முதலாம் ராஜராஜன்.

* ராஜராஜனின் மகள் குந்தவை, வேங்கியின் விமலாதித்தனுக்கு மனைவியானார். (ராஜராஜனின் அக்கா குந்தவை வேறு, இவர் வேறு.)
* இவர்களின் மகன் ராஜராஜ நரேந்திரன், தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தார்.
* அவர்களின் மகன்தான் நம்ம கதாநாயகன். தாத்தா பெயரான ராஜேந்திரன் என்பதே இவருடைய முதல் பெயர். இவரும் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டினார்.

சுருக்கமாகச் சொன்னால், அப்பாவைப் பெற்ற பாட்டி சோழ இளவரசி, அம்மா சோழ இளவரசி, மனைவியும் சோழ இளவரசி.

சொந்த ஊரில் இடமில்லை

1061-ல் அப்பா இறந்ததும் வேங்கி அரியணை இவருக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பா முறையான ஏழாம் விஜயாதித்தன் அதைப் பிடித்துக்கொண்டார். இளவரசர் வடக்கே, இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் இருந்த சக்கரக்கோட்டத்தில் போரிட்டுப் பெயர் வாங்கினார்.

1070-ல் என்ன நடந்தது?

சோழ அரசர் வீரராஜேந்திரன் இறந்து, மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தார். சில மாதங்களிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். கலகத்தில் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது பில்ஹணரின் காவியம். பில்ஹணர், கல்யாணி சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர். அந்த விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனின் மருமகன்!

மச்சான் விக்கிரமாதித்தன் கைக்குப் போகவிருந்த பிடியை, அத்தை மகன் தட்டிப் பறித்தார். கங்கைகொண்ட சோழபுரத்து அரியணை வேங்கி இளவரசருக்கு வந்தது.

இங்கிலாந்திலும் இதே கதை

இதற்கு 4 வருஷம் முன்னாடி, 1066-ல், நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். 1002-ல் நார்மண்டியின் எம்மா இங்கிலாந்து அரசருக்கு வாழ்க்கைப்பட்டதால் வந்த உறவுதான் அவர் உரிமை கொண்டாட ஒரு காரணம். நட்புக்காகக் கட்டிக்கொடுத்த கல்யாணம், இரண்டு மூன்று தலைமுறை கழித்து அரியணைக்கே வழி திறந்தது.

அந்தக் கல்யாணங்கள் நடக்காமல் இருந்திருந்தால்?

இது கற்பனைக் கேள்விதான். ஆனால் 1070-ல் சோழர் பக்கம் வலுவான வாரிசு இல்லை. வேங்கி உறவு இல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் கை ஓங்கியிருக்கலாம். நாடு துண்டு துண்டாக உடைந்திருக்கலாம். நடந்தது என்னவென்றால், குலோத்துங்கனின் வாரிசுகள் 1279 வரை, இன்னும் 200 வருஷத்துக்கு மேல் சோழர் என்ற பெயரிலேயே ஆண்டார்கள்.

அரசராக என்ன செய்தார்?

* சுங்கத்தை நீக்கியதால் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றார்.
* 1077-ல் சீனாவுக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு போனது.
* 1086-ல் நிலங்களை அளக்க வைத்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் வில்லியமும் நிலக் கணக்கெடுப்பு நடத்தினார்.

எல்லாமே வெற்றி இல்லை. இலங்கை கையைவிட்டுப் போனது. கடைசிக் காலத்தில் மைசூர்ப் பக்கத்துக் கங்கபாடியை ஹொய்சாளர்கள் பிடித்தார்கள். வேங்கியும் பறிபோனது. பறித்தவர் அதே விக்கிரமாதித்தன்.

உறவு இருந்தும் போர்

1110 வாக்கில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை கலிங்கத்துக்குப் புறப்பட்டது. காஞ்சியிலிருந்து கிளம்பிய படை கடந்த ஆறுகளில் குசைத்தலையும் ஒன்று என்கிறது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி ஏரிக்கு வந்து, எண்ணூரில் கடலில் சேரும் அதே கொசஸ்தலை ஆறுதான்.

எதிரே நின்ற கலிங்க மன்னர் அனந்தவர்மன் சோடகங்கன். அவருடைய அம்மாவும் சோழ இளவரசி. சோழன் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆக, ஒரு கல்யாணம் சோழ வம்சத்தைக் காப்பாற்றியது. இன்னும் இரண்டு கல்யாணங்களால் போரைத் தடுக்க முடியவில்லை.

அப்போ, சோழரா சாளுக்கியரா?

அப்பா வழியில் சாளுக்கியர், அம்மா வழியில் சோழர். ஆனால் அரியணை ஏறியபோது அவர் தேர்ந்தெடுத்தது அம்மா வீட்டுப் பெயரை. வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி பேசும் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது புதுசா என்ன?