நட்சத்திரங்களின் முடிவைக் கணித்த தமிழர்

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். அங்கே 1899-ல் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. சூரியனை ஆராய்வதே அதன் முக்கிய வேலை.

சூரியனும் ஒரு நட்சத்திரந்தான். நட்சத்திரங்களில் சில வெடித்துச் சிதறுகின்றன. அப்படியானால் சூரியனும் ஒரு நாள் வெடிக்குமா?

வெடிக்காது! இதைத் திட்டமாகச் சொல்ல உதவும் கணக்கைப் போட்டவர் ஒரு தமிழர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

கப்பலில் போட்ட கணக்கு

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர், ரெயில்வே கணக்கு இலாகா அதிகாரி. தாயார் சீதாலட்சுமி. நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன், இவருக்குச் சித்தப்பா.

பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் படித்தார். மேல்படிப்புக்குச் சர்க்கார் உதவிச் சம்பளம் கிடைத்தது. 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 19.

கப்பலில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு கணக்கைப் போடத் தொடங்கினார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி, பூமி அளவுக்குச் சிறுத்துவிடுவது உண்டு. அதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். உள்ளே நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் முட்டுக்கொடுப்பதால், அது மேலும் நொறுங்காமல் நிற்கிறது. எவ்வளவு பாரத்தையும் இந்த முட்டு தாங்கும் என்று அந்நாளில் நினைத்தார்கள். சந்திரசேகர், ஐன்ஸ்டீனின் தத்துவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். முட்டுக்கு ஒரு வரம்பு இருப்பது தெரிந்தது! பிறகு அதைத் திருத்தமாகக் கணக்கிட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடை. அதற்கு மேல் போனால் வெள்ளைக் குள்ளன் நிலைக்காது.

சபையில் சிரிப்பு

1935 ஜனவரி 11-ந் தேதி, லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அந்தக் காலத்தில் வானநூலில் அவர் சொன்னதே சட்டம். சந்திரசேகரின் முடிவை அபத்தம் என்று அவர் கேலி செய்தார். சபை சிரித்தது.

சந்திரசேகர் சொன்னதே சரி என்று பெரிய விஞ்ஞானிகள் சிலர் தனிமையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், வெளியில் வந்து சொல்லப் பெரும்பாலோர் முன்வரவில்லை. 24 வயது இளைஞர் என்ன செய்வார்? 1937-ல் அமெரிக்கா சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் முடிவை 1939-ல் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். எடிங்டன் மீது பகை பாராட்டவில்லை. 1944-ல் எடிங்டன் காலமானபோது அவரைப் புகழ்ந்தே பேசினார்.

இரண்டு வகை வெடிப்பு

நட்சத்திரம் வெடிப்பதைச் சூப்பர்நோவா என்கிறார்கள். அதில் இரண்டு பெரும் வகைகள் உண்டு.

முதல் வகை: வெள்ளைக் குள்ளன் பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்து இழுத்துப் பருக்கிறது. 1.4 மடங்கை நெருங்கியதும் உள்ளிருக்கும் கரி பற்றிக்கொள்கிறது. நட்சத்திரம் முழுவதும் சிதறிப்போகிறது.

இரண்டாவது வகை: சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம். அதன் நடுவில் கடைசியாக இரும்பு சேர்கிறது. இரும்பை எரித்து வெப்பம் பெற முடியாது. அந்த இரும்புக் கரு சந்திரசேகர் வரம்பைத் தாண்டியதும், ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. மேலடுக்குகள் வெடித்துப் பறக்கின்றன. நடுவில் நியூட்ரான் நட்சத்திரமோ, கருந்துளையோ எஞ்சுகிறது.

இரண்டுக்கும் அடிப்படை அதே வரம்புதான்! சூரியனோ அந்த வரம்புக்கு உட்பட்டது. பக்கத்தில் ஜோடி நட்சத்திரமும் இல்லை. ஆகவே அது வெடிக்காமல் ஆறிப்போகும்.

காலம் தந்த பரிசு

1983-ல், 73-வது வயதில், சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பல் ஏறி 53 ஆண்டுகள் ஆகியிருந்தன! 1987-ல் தென் வானில் இரண்டாவது வகை வெடிப்பு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதையும் அவர் உயிரோடு இருந்து அறிந்தார். 1995 ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் காலமானார்.

மார்கழி இரவில் வத்தலக்குண்டுக்காரர்கள் கிழக்கே, சிறுமலைப் பக்கம் பார்த்தால், சிவந்த நட்சத்திரம் ஒன்று எழுவதைக் காணலாம். அதுதான் திருவாதிரை. ஒரு நாள் அதுவும் இரண்டாவது வகையாக வெடிக்கும். அது நாளையும் நடக்கலாம்; ஒரு லட்சம் ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம். வெடித்தால் பகலிலும் தெரியும். பூமிக்கு ஆபத்தில்லை.