இரதபோட் பிரபு

அணுவின் அமைப்பை உலகிற்கு உணர்த்திய விஞ்ஞானிகளுள் ஏணெஸ்ட் இரதபோட் பிரபு முதன்மையானவர். அவர் கண்டறிந்த உண்மைகளை மாணவர் யாவரும் பாடநூல்களிற் கற்பர். தம்மிடம் பணிபுரிந்தோரைத் தாமே ஆராய்ந்து தாமே விடைகாணும்படி அவர் பழக்கிய வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இரதபோட் 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் நியூசீலாந்திலே, நெல்சன் நகருக்கு அருகே, பன்னிரு பிள்ளைகளுள் நாலாமவராகப் பிறந்தார். புலமைப்பரிசில் பெற்று 1895இல் கேம்பிரிட்ச் சென்று, கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் ஜே. ஜே. தொம்சன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1898இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும், 1907இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரரிலும் பேராசிரியரானார். 1908இல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மன்செஸ்ரரில் மார்ஸ்டன் என்னும் இருபது வயது மாணவர் அவரிடம் இருந்தார். அப்பொழுது பட்டமும் பெறாதவர். மெல்லிய உலோகத் தகட்டின்மீது செலுத்தப்படும் அல்பாத் துணிக்கைகளுள் எவையேனும் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும்படி 1909இல் அவரிடம் பணித்தார் இரதபோட். எதுவும் திரும்பாது என்பதே பேராசிரியரின் எதிர்பார்ப்பு. ஆயினும் ஏறக்குறைய 8000இல் ஒன்று திரும்பிற்று. மாணவன் பிழைவிட்டான் என்று அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. நெடுநாட் சிந்தித்து, அணுவின் நடுவே மிகச் சிறியதொரு கரு உண்டு என்னும் முடிபை 1911இல் வெளியிட்டார். இளைஞனிடம் வினாவை ஒப்படைத்து, அவன் கொணர்ந்த விடையை மதித்தமையாற் கிடைத்த பேறு அது.

1919இல் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தின் தலைவரானார். ஆய்வாளரிடம் அடிக்கடி சென்று, செய்வதென்ன, கண்டதென்ன என்று வினவுவார். மாலை 6 மணிக்கு ஆய்வுகூடம் பூட்டப்படும். பகலிற் கண்டதை இரவிற் சிந்திக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அல்லும் பகலும் கருவிகளோடு உழைத்த மாணவரொருவரிடம், அப்படியாயின் சிந்திப்பது எப்பொழுது என்று அவர் கேட்டதாகக் கதையொன்றும் வழங்குகின்றது.

பிறரைத் தாமாகச் செய்யவிடுதல் அவர்களைக் கைவிடுதலாகாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கொக்குறொவ்ற், வோல்ற்றன் என்னும் இருவர் தம் பொறியைச் செம்மைப்படுத்துவதிலேயே காலங்கழித்தபோது, இனிப் பரிசோதனையைத் தொடங்குக என்று அவர்களை முடுக்கினார். 1932இல் அவர்கள் இலிதியத்தின் கருவைப் பிளந்தனர். மின்னேற்றமற்ற துணிக்கை ஒன்று கருவில் இருத்தல் கூடுமென 1920இலேயே அவர் கூறியிருந்தார். அதனைத் தேடும் பணியிற் பல்லாண்டு முயன்ற சட்விக் அதே 1932இல் நியூத்திரனைக் கண்டார். இரதபோட் முன்கோபி, கடிந்து பேசுவார், பின்னர்த் தாமே சென்று மன்னிப்புக் கேட்பார். ஆகவே உழைப்போர் அவரை விட்டு அகலவில்லை.

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இரதபோட் காலமானார். அவரிடம் பயின்றோரும் பணிபுரிந்தோருமாகிய சொடி, போர், சட்விக் ஆகியோர் அவர் வாழ்நாளிலேயே நோபெல் பரிசு பெற்றனர். கொக்குறொவ்ற்றும் வோல்ற்றனும் 1951இலும், கபிற்சா 1978இலும் அதனைப் பெற்றனர். தலைவர் மறைந்து 41 ஆண்டுகள் சென்ற பின்னரும் அவர் இட்ட வித்துப் பயன் தந்தது.

நம் பழைய மாணவருட் பலர் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் நடத்துகின்றனர். கீழுள்ளோர் கொணரும் இடர் ஒவ்வொன்றிற்கும் உடனே விடை சொல்லிவிடுதல் எளிது. பணியும் அன்றைக்கு விரைந்து முடியும். ஆயின், அத்தகைய தலைவர் ஒருநாள் லீவெடுப்பின் அலுவலகமே தடுமாறும். நீ யாது கருதுகின்றாய் என்று வினவி, விடைக்குப் பொறுத்திருக்கும் தலைவரோ தமக்குப் பின்னும் நிலைக்கும் பணியைச் செய்தவராவார். மாணவத் தம்பியரே, ஆசிரியர் விடை கூறாது வினாவொன்றை உம்மிடம் தருவாராயின், அது அவர் உம்மீது வைத்த நம்பிக்கை என்று கொள்வீராக.